கட்டளை வரிக் கருவியை நம்பகமாக்குவது எப்படி: எக்ஸிட் கோடில் தொடங்கி பைசெக்ட் வரை

ஒரு நாள் காலையில் என் ரெப்போவில் (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் சேமிப்பகம்) ஒரு பக் ரிப்போர்ட் வந்து கிடந்தது. நான் எழுதிப் பராமரிக்கும் சின்னக் கருவி பற்றியது. கருவியின் பெயர் 'அடுக்கு'. ஓர் அடைவில் கிடக்கும் கோப்புகளைத் தேதிவாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டு, எது எங்கே போனது என்று ஒரு பட்டியலில் குறித்து வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ரிப்போர்ட் போட்டவரின் டிஸ்க் நள்ளிரவில் நிரம்பியிருக்கிறது. பட்டியலை எழுதப் போன அடுக்கு, இடமில்லாமல் 0 பைட் கோப்பை விட்டுவிட்டு, எக்ஸிட் கோட் (நிரல் முடியும்போது திருப்பித் தரும் எண்) 0 கொடுத்துச் சாவகாசமாக வெளியேறியிருக்கிறது. 0 என்றால் எல்லாம் நலம். அதை நம்பிய அவருடைய பேக்கப் ஸ்கிரிப்ட், காலிப் பட்டியலை எடுத்து நேற்றைய நல்ல பட்டியலின் மேலேயே எழுதிவிட்டது.

அன்றைக்கு என்னிடம் 212 டெஸ்டுகள் இருந்தன. அத்தனையும் பச்சை, அதாவது பாஸ். எழுத முடியாமல் போனால் என்ன நடக்கும் என்று அதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கட்டளை வரிக் கருவியைப் பெரும்பாலும் ஓட்டுவது இன்னொரு ஸ்கிரிப்ட்தான். அதற்குத் திரையில் வரும் செய்தியைப் படிக்கத் தெரியாது. எண்ணை மட்டும் பார்க்கும். ஆகவே கருவி தோற்பதில் தப்பில்லை, தோற்றதைச் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு கோணத்திலிருந்து எழுதியவை. உங்கள் கருவி சி, பைத்தான், கோ, ரஸ்ட், ஷெல் என்று எதில் இருந்தாலும் பொருந்தும்.

படி 1: கருவி என்ன வாக்குக் கொடுக்கிறது என்று எழுதி வையுங்கள்

டெஸ்ட் எழுதும் முன் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த எக்ஸிட் கோடுக்கு என்ன பொருள், ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எது வரும், ஸ்டாண்டர்ட் எரரில் எது வரும், பாதியில் நின்றுபோனால் பயனரின் கோப்புகள் எந்த நிலையில் இருக்கும். இந்த நான்கும் போதும்.

எக்ஸிட் கோடுக்கு நல்ல முன்மாதிரி, கோப்பில் வரிகளைத் தேடும் கிரெப் கட்டளை. பொருந்தும் வரி கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோப்பைத் திறக்கவே முடியவில்லை போன்ற கோளாறு என்றால் 2. 'இல்லை' என்பதும் 'தெரியவில்லை' என்பதும் வெவ்வேறு பதில்கள் என்பதை அது மதிக்கிறது. இரண்டு கோப்புகளை ஒப்பிடும் டிஃப் கட்டளையும் இதே முறைதான். இணையத்திலிருந்து தரவை எடுக்கும் கர்ல் இன்னும் விரிவானது: பெயரை ஐபி முகவரியாக மாற்ற முடியாவிட்டால் 6, இணைப்பே கிடைக்காவிட்டால் 7, நேரம் கடந்துவிட்டால் 28. இவற்றை நம்பி எத்தனையோ ஸ்கிரிப்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அதனால் ஒரு தடவை கொடுத்த எண்ணை மாற்றவே கூடாது. 125-க்கு மேலே போகாதீர்கள். 126, 127 இரண்டையும் ஷெல் தனக்காக வைத்துக்கொள்கிறது. சிக்னலால் (இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பு) செத்த நிரலுக்கு 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டிச் சொல்கிறது. கண்ட்ரோல்-சி அழுத்தினால் 130 வருவது அப்படித்தான்.

தரவு ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கு, எச்சரிக்கையும் முன்னேற்றப் பட்டையும் ஸ்டாண்டர்ட் எரருக்கு. இதை எல்லோரும் அறிவோம். ஆனாலும் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்ற ஒரு வரியை அவுட்புட்டில் கலந்துவிட்டு அடுத்தவரின் ஜேசன் பார்ஸரை உடைக்கும் கருவிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

படி 2: வெளியிலிருந்து ஓட்டுங்கள்

ஃபங்ஷன்களைத் தனித்தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்டுகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் 212-இல் இருநூறு அந்த வகை. பயனர் ஃபங்ஷனை அழைப்பதில்லை, பைனரியை ஓட்டுகிறார். ஆப்ஷன் பிரிப்பது, சூழல் மாறிகளைப் படிப்பது, பஃபரை (எழுதும் முன் தரவு தங்கும் நினைவகப் பகுதி) காலி செய்வது, எக்ஸிட் கோடைத் திருப்பித் தருவது என்று கோளாறு குடியிருக்கும் இடங்கள் யூனிட் டெஸ்டின் கண்ணில் படுவதே இல்லை.

எனவே பில்டு செய்த உண்மையான பைனரியை ஓட்டி மூன்றையும் பிடியுங்கள்: அவுட்புட், எரர், எக்ஸிட் கோட். ஷெல்லில் எழுதப் பிடித்தால் பேட்ஸ் இருக்கிறது. ரஸ்டில் அசர்ட்-சிஎம்டி, கோ மொழியில் டெஸ்ட்ஸ்கிரிப்ட், பைத்தானில் பைடெஸ்டோடு சப்பிராசஸ். மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட் திட்டம் தனக்கென்று ஒரு ஷெல் டெஸ்ட் நூலகமே எழுதி வைத்திருக்கிறது. அதன் 't' அடைவைத் திறந்து பாருங்கள், ஒரு மணி நேரம் செலவழித்தாலும் வீண் போகாது.

ஒவ்வொரு டெஸ்டும் ஒரு புதிய தற்காலிக அடைவில் ஓட வேண்டும். ஹோம் மாறியை அந்த அடைவுக்குத் திருப்பிவிடுங்கள். எக்ஸ்டிஜி கான்ஃபிக் மாறியையும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் உங்கள் சொந்த கான்ஃபிக் கோப்பின் தயவில் டெஸ்ட் வென்றுகொண்டிருக்கும், புதிதாக வந்த பங்களிப்பாளரின் கணினியில் மட்டும் தோற்கும். நேர மண்டலத்தை யுடிசி என்றும், லொகேலை (மொழி, வரிசை முறை போன்ற அமைப்பு) குறிக்கும் எல்சி-ஆல் மாறியை 'சி' என்றும் பிடித்து வையுங்கள். அப்புறம், அதே டெஸ்டுகளை வேறொரு லொகேலில் வேண்டுமென்றே இன்னொரு முறை ஓட்டுங்கள். 'சி' லொகேலில் பெரிய ஆங்கில எழுத்துகள் எல்லாம் சின்ன எழுத்துகளுக்கு முன்னால் வரிசைப்படும்; மற்ற பலவற்றில் இரண்டும் கலந்து வரும். வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையின் வெளியீட்டை நம்பி எழுதிய நிரல் எனக்கு இங்கேதான் உடைந்தது.

எதிர்பார்க்கும் வெளியீட்டை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு ஒப்பிடும் ஸ்னாப்ஷாட் முறை வசதியானது. தேதி, தற்காலிக அடைவின் பெயர், பதிப்பு எண் மூன்றையும் ஒப்பிடும் முன் பொதுச் சொல்லால் மாற்றிவிடுங்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு. 'எல்லா ஸ்னாப்ஷாட்டையும் புதுப்பி' என்று ஒரு ஆப்ஷன் இருக்கும். அதை அழுத்திவிட்டு 40 கோப்பு மாறிய டிஃபை யாரும் படிக்க மாட்டார்கள், நான் உட்பட. அதனால் ஒரு கோப்பு ஒரு நடத்தையை மட்டும் காட்டும்படி சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தோல்வியை வரவழையுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நெஞ்சுப்பகுதி. நேரம் குறைவு என்றால் மற்றதைத் தள்ளிப்போட்டு இதை மட்டும் செய்யுங்கள்.

லினக்ஸில் '/டெவ்/ஃபுல்' என்று ஒரு பொய்க் கோப்பு உண்டு. அதில் எதை எழுதினாலும் 'டிஸ்கில் இடமில்லை' என்ற பிழையே திரும்பி வரும். உங்கள் கருவியின் அவுட்புட்டை அதற்குத் திருப்பிவிட்டு எக்ஸிட் கோடைப் பாருங்கள். 0 வந்தால் உங்களுக்கும் என் நிலைமைதான். சி மொழியில் எல்லோரும் முதலில் எழுதும் 'ஹலோ வேர்ல்டு' நிரலே இதில் தோற்கும், தோற்றது தெரியாமலே 0 என்று சொல்லும். காரணம் எளிது. அச்சிடும் ஃபங்ஷன் எழுத்துகளை முதலில் பஃபரில்தான் போடுகிறது, ஆகவே அது வெற்றி என்றே சொல்லும். நிரல் முடியும்போது பஃபர் காலியாகிற கணத்தில்தான் இயங்குதளத்தின் மையமான கர்னல் 'இடமில்லை' என்கிறது. அப்போது அந்தப் பதிலைக் கேட்க ஆளில்லை. முடிவில் நீங்களே பஃபரைக் காலி செய்து, கோப்பை மூடி, இரண்டின் பதிலையும் பாருங்கள். மேக்கில் அந்தக் கோப்பு கிடையாது, அங்கே இந்த டெஸ்டைத் தவிர்த்துவிடலாம்.

அடுத்து, பாதியில் அறுந்துபோகும் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் குழாய்). உங்கள் வெளியீட்டை ஹெட் கட்டளைக்குக் கொடுத்து முதல் வரியை மட்டும் எடுங்கள். ஹெட் வேலை முடிந்ததும் கதவைச் சாத்திவிடும். பைத்தான் நிரல் என்றால் நீளமான டிரேஸ்பேக் கொட்டும். ரஸ்டில் வழக்கமான அச்சிடும் மேக்ரோ பேனிக் ஆகி நிரலை நிறுத்திவிடும். இரண்டு மொழிகளும், அறுந்த பைப்பில் எழுதினால் வரும் சிக்பைப் சிக்னலைப் புறக்கணித்துவிட்டுத் தொடங்குவதுதான் காரணம். சி நிரல் சத்தமில்லாமல் செத்துவிடும், ஷெல் 141 என்று குறிக்கும். உங்கள் கருவியும் சத்தமில்லாமல் நிற்கும்படி செய்யுங்கள்.

அனுமதி இல்லாத கோப்பு, இல்லாத அடைவு, கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் அடைவு, காலிக் கோப்பு, கடைசி வரியில் நியூலைன் இல்லாத கோப்பு. இவற்றுக்கு ஆளுக்கொரு டெஸ்ட். ஒரு பொறி மட்டும் கவனம்: படிக்கும் அனுமதியை எடுத்துவிட்டுச் சோதிக்கும் டெஸ்ட், ரூட்டாக ஓடும் கண்டெய்னருக்குள் வேலை செய்யாது. ரூட்டுக்கு எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை போனது.

'மூன்றாவது முறை எழுதும்போது மட்டும் தோற்க வேண்டும்' என்று துல்லியமாகக் கேட்க வேண்டுமா? எஸ்ட்ரேஸ் கருவியின் இன்ஜெக்ட் வசதி அதைச் செய்யும்: எந்த சிஸ்டம் கால் (நிரல் கர்னலிடம் கேட்கும் வேலை), எத்தனையாவது முறை, எந்தப் பிழை என்று சொன்னால் போதும், உங்கள் நிரலில் கை வைக்கவே வேண்டாம். கர்ல் திட்டத்தில் 'டார்ச்சர்' டெஸ்ட் என்று ஒன்று ஓடுகிறது. முதல் மெமரி ஒதுக்கீட்டைத் தோற்கடித்து ஓட்டுவது, அடுத்து இரண்டாவதை, அடுத்து மூன்றாவதை என்று போய்க்கொண்டே இருப்பது; எங்கே தோற்றாலும் நிரல் நொறுங்கவும் கூடாது, மெமரி கசியவும் கூடாது. எஸ்கியூலைட் தரவுத்தள நூலகமும் மெமரிக்கும் டிஸ்க் பிழைக்கும் இதே மாதிரி செய்கிறது. அதன் டெஸ்ட் நிரல், நூலகத்தைப் போல சுமார் 590 மடங்கு பெரியது என்று அந்தத் திட்டமே கணக்குச் சொல்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் எண்ணை ஒவ்வொன்றாக நகர்த்தித் தோற்கடிக்கும் அந்த யோசனையைக் கடன் வாங்கலாம், இருபது வரி ஸ்கிரிப்ட் போதும்.

இப்போது என் பட்டியல் கோப்புக்கு வருகிறேன். அடுக்கு பழைய கோப்பைத் திறந்து, காலி செய்து, புதிதாக எழுதியது. காலி செய்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் நடுவில் என்ன நடந்தாலும் பட்டியல் போச்சு. சரியான முறை பழையது, எல்லோரும் மறப்பது: அதே அடைவில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதுங்கள், எழுதியதை டிஸ்கிலேயே சேர்க்கச் சொல்லும் எஃப்சிங்க்கை அழையுங்கள், மூடுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் பிழையைப் பாருங்கள், கடைசியில் பழைய பெயருக்கு ரீநேம் செய்யுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் ரீநேம் அணுவளவும் பிளவுபடாது. படிப்பவருக்குப் பழையது முழுதாக அல்லது புதியது முழுதாகத் தெரியும். 'அதே அடைவு' என்று அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். டெம்ப் அடைவு வேறு டிஸ்கில் இருந்தால் ரீநேம் தோற்றுவிடும்.

இதைச் சோதிக்க, கருவியைத் தொடங்கிச் சில மில்லிசெகண்டுகள் கழித்து, நிரலை உடனே கொல்லும் 'கில் -9' கொடுங்கள். தாமதத்தை மாற்றி மாற்றி ஆயிரம் முறை. ஒவ்வொரு முறையும் பட்டியல் பழையதாகவோ புதியதாகவோ முழுசாக இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: இந்த டெஸ்ட் எஃப்சிங்க்கைச் சோதிப்பதில்லை. நிரல் செத்தாலும் கர்னல் உயிரோடு இருப்பதால் எழுதியது தொலையாது. எஃப்சிங்க் தேவைப்படுவது மின்சாரம் போகும்போது. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'எஃப்சிங்க் இல்லாமலே டெஸ்ட் பாஸ் ஆகிறதே' என்று அதை நீக்கிய பேட்ச் ஒன்று எனக்கு வந்திருக்கிறது.

படி 4: கோப்புப் பெயர் என்பது எழுத்து இல்லை, பைட்

லினக்ஸில் கோப்புப் பெயரில் சாய்கோடும் பூச்சிய பைட்டும் தவிர எது வேண்டுமானாலும் வரலாம். இடைவெளி, நியூலைன், முதலிலேயே சிறுகோடு, யுடிஎஃப்-8 ஆகவே இல்லாத பைட்டுகள். இந்த நான்கு வகையிலும் ஒவ்வொரு கோப்பை உருவாக்கி எல்லா டெஸ்ட் அடைவுகளிலும் போட்டுவையுங்கள். சிறுகோட்டில் தொடங்கும் பெயருக்காக இரட்டைச் சிறுகோட்டை ஆதரியுங்கள். அதற்குப் பின் வருவது ஆப்ஷன் இல்லை என்று பொருள்.

நாம் தமிழர் என்பதால் நம்மிடம் இலவசமாகக் கிடைக்கும் ஒரு நல்ல டெஸ்ட் உண்டு. தமிழில் கோப்புப் பெயர் வையுங்கள். யூனிகோடில் 'கு' பார்வைக்கு ஓர் எழுத்து. உள்ளே இரண்டு குறியீடுகள், 6 பைட்டுகள். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். தமிழ் என்றால் 85 குறியீடுகளில் தீர்ந்துவிடும், எழுத்தாக எண்ணினால் இன்னும் குறைவு. பெயரோடு '.டெம்ப்' ஒட்டித் தற்காலிகக் கோப்பு செய்யும் கருவிகள் இந்த எல்லையில்தான் தடுக்கி விழும். வெளியீட்டில் நீளமான பெயரை 40 பைட்டில் வெட்டினேன் ஒரு காலத்தில். 40 மூன்றால் வகுபடாது, கடைசி எழுத்து உடைந்து கேள்விக்குறியாக நின்றது.

இன்னும் நுட்பமானது 'கொ'. ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியைச் சேர்த்தால் 6 பைட். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகச் சேர்த்தால் 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றே, யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம், பைட்டாக ஒப்பிட்டால் வேறு. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயரைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். நீங்கள் 'கொடி' என்று கொடுத்த பெயரைப் பட்டியலில் தேடினால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று வரும், கண் முன்னால் கோப்பு நிற்கும். ஒப்பிடும்போது மட்டும் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். டிஸ்கில் உள்ள பெயரைத் திருத்தாதீர்கள்.

படி 5: குப்பையைக் கொட்டிப் பாருங்கள்

1988-இல் ஒரு புயல் இரவு. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் வீட்டிலிருந்து மோடம் வழியாகக் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். இடி மின்னலில் தொலைபேசிக் கம்பியில் இரைச்சல், கட்டளைகளில் குப்பை எழுத்துகள். அதில் அவர் வியந்தது, அந்தக் குப்பைக்கே யூனிக்ஸ் கருவிகள் பட்டென்று செத்தன என்பதுதான். மாணவர்களை வைத்து முறையாகச் சோதித்து 1990-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த கருவிகளில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தாறுமாறான உள்ளீட்டில் நொறுங்கின அல்லது உறைந்தன. இப்படிக் குப்பை உள்ளீட்டைக் கொட்டிச் சோதிப்பதற்கு ஃபஸ்ஸிங் என்ற பெயரும் அங்கிருந்துதான் வந்தது.

இன்று ஏஎஃப்எல் பிளஸ் பிளஸ், லிப்ஃபஸர் போன்றவை நிரலின் எந்தக் கிளை ஓடியது என்று பார்த்துப் பார்த்துக் குப்பையைத் தேர்ந்தெடுக்கின்றன. கோ மொழியில் 1.18 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. எங்கே தொடங்குவது? வெளியிலிருந்து வரும் தரவைப் படிக்கும் ஃபங்ஷன் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: கான்ஃபிக் பார்ஸர், பட்டியல் பார்ஸர். சி, சி பிளஸ் பிளஸ் என்றால் மெமரிப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைஸரோடு பில்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பிழைகள் சத்தமில்லாமல் கடந்துபோகும். கிடைத்த ஒவ்வொரு நொறுங்கலையும் சுருக்கி, நிரந்தர டெஸ்டாக ரெப்போவில் போடுங்கள். ஒரு ராத்திரி ஓடவிட்டாலே சின்னக் கருவிக்குப் போதுமானது கிடைத்துவிடும்.

படி 6: பல கணினிகள்

லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் சிஐ (ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) ஓட்டுங்கள். கூடவே மசல் என்ற வேறொரு சி நூலகத்தில் ஓடும் ஆல்பைன் லினக்ஸ். உரையைத் திருத்தும் செட் கட்டளை மேக்கில் குனூவின் செட் மாதிரி நடக்காது. விண்டோஸில் 'நுல்', 'கான்' என்ற பெயர்களில் கோப்பே உருவாக்க முடியாது. இணையம் இல்லாமல் டெஸ்டுகள் ஓடுமா என்றும் பாருங்கள். டெபியன் போன்ற விநியோகங்கள் பில்டின்போது வலை இணைப்பைத் தருவதில்லை, உங்கள் டெஸ்ட் எங்கோ ஒரு முகவரியைத் தொட முயன்றால் பேக்கேஜ் செய்பவர் முழு டெஸ்டையும் அணைத்துவிடுவார்.

ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில் என்று ஆடும் டெஸ்டைத் திரும்ப ஓட்டிச் சமாளிக்காதீர்கள். பெரும்பாலும் காரணம் 'ஒரு செகண்ட் காத்திரு' என்ற வரியாகவோ, எல்லா டெஸ்டும் பகிரும் ஒரு போர்ட் எண்ணாகவோ இருக்கும். குறிப்பிட்ட நேரம் காப்பதை விட்டு, எதிர்பார்க்கும் நிலை வந்ததா என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். போர்டுக்கு 0 கொடுங்கள், இயங்குதளமே காலியான ஒன்றைத் தரும்.

படி 7: டெஸ்ட் கோப்புகளையும் சந்தேகியுங்கள்

2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டது. எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு வழக்கத்தைவிடச் சுமார் அரை செகண்ட் தாமதமாகிறதே என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர்தான் கண்டுபிடித்தார். அந்தத் தீய நிரல் ஒளிந்திருந்த இடம், 'கெட்டுப்போன சுருக்கக் கோப்பு' போன்ற பெயர்களில் டெஸ்ட் அடைவில் வைத்திருந்த பைனரிகள். கெட்டுப்போன கோப்பு என்றால் யார் திறந்து பார்ப்பார்கள்?

அன்றிலிருந்து என் ரெப்போவில் ஒரு வழக்கம். பைனரி டெஸ்ட் கோப்பை நேரடியாக ஏற்பதில்லை; அதை உருவாக்கும் ஸ்கிரிப்டைத்தான் ஏற்கிறேன். ரிலீஸுக்கான டார்பாலையும் (வெளியிடும் நிரல் பொதி) கிட் டேகிலிருந்து தானாகவே உருவாக்குகிறேன். எக்ஸ்இசட்டில் பின்கதவை இயக்கிவைத்த பில்டு வரிகள் டார்பாலில் மட்டும் இருந்தன, கிட்டில் இல்லை.

படி 8: பக் வந்தால் முதலில் டெஸ்ட், அப்புறம் பைசெக்ட்

பக் ரிப்போர்ட் வந்ததும் கை திருத்தத்துக்குப் போகும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் அந்தப் பக் இருப்பதைக் காட்டும் டெஸ்டை எழுதி, அது சிவப்பாவதைப் பாருங்கள். சிவப்பாவதைப் பார்க்காத டெஸ்ட் எதைச் சோதிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பிறகு 'கிட் பைசெக்ட் ரன்' என்று அந்த டெஸ்டையே கொடுங்கள். நல்ல கமிட் (ரெப்போவில் பதிவான ஒரு மாற்றம்) ஒன்று, கெட்ட கமிட் ஒன்று சொன்னால் நடுவில் பாதிபாதியாக வெட்டித் தேடும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துப் படியில் முடியும். ஸ்கிரிப்ட் 0 சொன்னால் நல்லது, 1 சொன்னால் கெட்டது. பழைய கமிட் பில்டே ஆகவில்லை என்றால் 125 சொல்லுங்கள், அதைத் தாண்டிப் போய்விடும். டெஸ்ட் ஸ்கிரிப்டை ரெப்போவுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய கமிட்டுக்குப் போகும்போது அது காணாமல் போகும்.

அடுக்கில் பட்டியலை எழுதுவதும் திரையில் காட்டுவதும் ஒரே ஃபங்ஷன் வழியாகத்தான் நடக்கின்றன. அதனால் '/டெவ்/ஃபுல்'லுக்குத் திருப்பிவிடும் நான்கு வரி ஸ்கிரிப்டைக் கொடுத்தேன். ஒன்பது படிகள், மூன்று நிமிடம். கோப்பை மூடும்போது வரும் பதிலைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வரியை நீக்கிய கமிட்டில் போய் நின்றது. செய்தி இடத்தில் 'தேவையில்லாத சோதனையை எடுத்தேன்' என்று இருந்தது. எழுதியவர் பெயருக்கு எதிரே என் பெயர்.